பாப்பி மலைக்கு வேன் ஏறுமுன்

தெற்குக் கலிஃபோர்னியாவில் லேக் எல்சினோர் நகருக்குச் சற்றுத் தள்ளி, 15-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது வாக்கர் கேன்யன். குளிர்காலத்தில் நல்ல மழை பெய்திருந்தால், மார்ச்சில் குன்று முழுக்க ஆரஞ்சு நிறப் பாப்பிப் பூக்கள்தான். 2019-இல் வந்த கூட்டத்தால் நெடுஞ்சாலையே ஸ்தம்பித்தது. அந்தச் சூட்டை மறக்காத நகராட்சி, 2023 பிப்ரவரியிலேயே பாதையை மூடிவிட்டது. ஆகவே பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, பாதை திறந்திருக்கிறதா என்பதை. மூடிய இடத்தில் நுழைந்து பிடிபட்டால், "கூட்டி வந்தவர்தான் சொன்னார்" என்ற சமாதானம் எடுபடாது.

கலிஃபோர்னியாவின் மாநிலப் பூ என்பதால்தான் பாப்பியைப் பறிக்கக் கூடாது என்பார்கள். அது தவறு. பாப்பிக்கென்று தனிச் சட்டம் இல்லை; உங்கள் தோட்டத்தில் பூத்தால் தாராளமாகப் பறிக்கலாம். ஆனால் பொது நிலத்திலோ பிறர் நிலத்திலோ எழுத்துமூல அனுமதி இல்லாமல் எந்தச் செடியில் கைவைத்தாலும் குற்றம். தண்டனைச் சட்டத்தின் 384ஏ பிரிவின்படி 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அப்படிப் பறித்தும் என்ன? கார் வரை போவதற்குள் நான்கு இதழும் உதிர்ந்து காம்புதான் கையில் மிஞ்சும்.

வெயில் ஏறினால் கிலுகிலுப்பை விரியனும் வெளியே வரும். படம் எடுக்கப் பூக்களுக்குள் உட்காருகிறவருக்கு அது கண்ணில் படாது. கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு 911-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்தின் ஒரு குப்பியே ஆயிரக்கணக்கான டாலர். அதற்காகத் தயங்க வேண்டாம்: 1986-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, மெடிகேரில் சேர்ந்துள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு, காசு இருக்கிறதா என்று பார்த்துச் சிகிச்சையை மறுக்க முடியாது. பில் பின்னால் வரும். காப்பீடு இல்லாத, வருமானம் குறைந்தவர்கள் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம்.

காசு வாங்கிக் கூட்டிச் செல்லும் குழுக்கள், 'எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கும். வேன் புறப்படும் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. சாதாரணக் கவனக்குறைவுக்கு அந்தத் தாள் அவர்களைக் காப்பாற்றலாம். படுமோசமான அலட்சியத்துக்குக் காப்பாற்றாது என்று 2007-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தாளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியார்மேல் காய வழக்குப் போட பொதுவாக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நகராட்சி போன்ற அரசு அமைப்பின்மேல் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் கோரிக்கை தர வேண்டும். அதிலும், மலைப்பாதை கரடுமுரடாக இருந்து சறுக்கி விழுந்ததற்கு அரசிடம் இழப்பீடு கிடைப்பது அரிது. அந்தப் பொறுப்பிலிருந்து சட்டமே அவர்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது.