காட்டுக்கு விருந்தினராய்

விருந்தினரை எவ்வாறு ஓம்ப வேண்டும் என்பதற்குத் தமிழில் தனி அதிகாரமே உண்டு. விருந்தினர் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதையோ வீட்டுப் பாட்டிமார்தாம் கற்பித்து வந்தனர். விடுமுறை வந்ததும் மூணாற்றுக்கும் பரம்பிக்குளத்துக்கும் புறப்படும் நம் மன்றத்து நண்பர்களுக்கு அந்தப் பாட்டிமார் வேலையைச் சிறிது செய்யலாம் என்று துணிந்தேன். விலங்கியல் பயிலும் மாணவன் என்பதால் மட்டும் அன்று. நான் பிறந்ததே அந்த மலையில்தான்.

என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் பின்னால் மலையேறியவர். மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்து வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், உடன் பயிலும் நண்பர்கள் அறுவரை ஊருக்கு அழைத்துச் சென்றேன். அந்தி மயங்கும் நேரம். தோட்டத்துச் சாலையோரத்தில் ஒற்றைக் கொம்பன் ஒன்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. வண்டியை நிறுத்தினோம். படம் எடுக்க வேண்டுமே, அது திரும்பிப் பார்க்கவில்லையே என்று ஒலிப்பானை அடித்தோம். விளக்கைப் போட்டு அணைத்தோம். யானை காதை விரித்தது, தலையை உலுக்கியது, நான்கடி பாய்ந்து நின்றது, பின்னர்த் தேயிலைக்குள் இறங்கி மறைந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டே வீடு சேர்ந்து, இதனை வீரச்செயல்போல் அத்தையிடம் விரித்துரைத்தோம்.

அத்தை சிரிக்கவில்லை. "ஏலே, நீங்க பாத்துட்டு வண்டியிலே ஏறி வந்துட்டீங்க. நாளைக்கு விடியக்காலம் கொழுந்தெடுக்க அந்த வழியா நடந்து போறது நான்ல?" என்றார்.

அன்று தலைகுனிந்தவன் இன்று இக்கட்டுரையை எழுதுகிறேன். யானைக்குச் சுற்றுலாப் பயணி இவர், தோட்டத் தொழிலாளி இவர் என்ற வேறுபாடு தெரியாது. ஒருவர் மூட்டிய சினம் மற்றொருவர் மேல் பாயக்கூடும். வண்டியில் வந்தவர் மலையிறங்கிவிடுவார். நடந்து செல்பவர் அங்கேயே இருப்பார். காட்டில் நாம் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

ஒரு காடு, இரண்டு அரசுகள்

பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளமும், இடுக்கி மாவட்டத்துச் சின்னாறும் இரவிகுளமும், தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியே கிடக்கின்றன. நாம் எல்லைக்கோடு வரைந்தோம். விலங்குகள் அதனைப் படித்ததில்லை. சின்னக்கானல் பகுதியில் அரிசிக்காகக் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் என்னும் யானையை 2023 ஏப்ரல் இறுதியில் கேரள வனத்துறையினர் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். ஒரு மாதத்திற்குள் அது மலையிறங்கித் தேனி மாவட்டத்துக் கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. சூன் மாதத்தில் தமிழ்நாட்டு வனத்துறையினர் அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு சென்றனர். எல்லைக்கோடு யானைக்கு ஒரு பொருட்டன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சின்னாறு

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். அதில் சுமார் 16 கிலோமீட்டர் சின்னாறு காட்டுயிர்ச் சரணாலயத்தின் ஊடே செல்கிறது. கேரளம் என்றதும் மழையை எதிர்பார்ப்போர் இங்கு வியப்படைவர். மேற்கிலிருந்து வரும் மழைமேகங்களை உயர்ந்த மலைகள் மறித்துவிடுவதால் இது மழைமறைவுப் பகுதி. மூணாற்றில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, இங்கே 500 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. ஆகவே முட்காடும் கள்ளியும் காண்கிறோம். நட்சத்திர ஆமையும், ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற மலையணிலும் இதன் தனிச்செல்வங்கள்.

வறண்ட நாட்டில் விலங்கைத் தேட வேண்டுவதில்லை. தண்ணீரைத் தேடினால் போதும். வனத்துறையின் இசைவுடன், மலைவாழ் மக்களுள் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு ஆற்றங்கரையில் காலையில் நடந்தால், மூன்று மணி நேரத்தில் காண்பது, சாலையில் மூன்று நாள் வண்டியோட்டினாலும் காணக் கிடைக்காது. அருகிலுள்ள மறையூரில் இயற்கையாய் வளர்ந்த சந்தனக் காட்டையும், முனியறை என்று மக்கள் வழங்கும் பழங்காலக் கல்லறைகளையும் கண்டு மேலே ஏறலாம்.

இரவிகுளம்

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி (2695 மீட்டர்) இங்குதான் உள்ளது. தோட்டத் துரைமார்களின் வேட்டைக்காடாக இருந்த இப்பகுதி 1975 இல் சரணாலயமாகி, 1978 இல் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். வரையாட்டைக் காண உலகில் இதனினும் சிறந்த இடம் இல்லை. சங்கப் புலவர் 'வருடை' என்று குறித்த விலங்கு இதுவே என்பர். இது தமிழ்நாட்டின் அரசு விலங்கு. ஆயினும் இதன் மிகப் பெரிய கூட்டம் வாழ்வது கேரளத்து இரவிகுளத்தில். 2025 இல் இரு மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கின்படி மொத்தம் 2668 வரையாடுகள். இரவிகுளத்தில் மட்டும் 841. உலகில் வேறெங்கும் இவை இல்லை என்பதை நினைவில் கொள்க.

வனத்துறையின் பேருந்து நம்மை இராசமலைக்கு ஏற்றிச் செல்லும். அங்குள்ள ஆடுகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. சில அடி தொலைவில் நின்று மேயும். முதிர்ந்த கிடாயை, கருத்த உடலில் முதுகின்மேல் சேணம் போட்டாற்போன்ற வெண்சாம்பல் திட்டைக் கொண்டு அறியலாம். அஞ்சாமை அழைப்பாகிவிடாது. தின்பண்டம் நீட்டுவதும், கொம்பைப் பிடித்துப் படமெடுப்பதும் அறவே கூடாதவை. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது.

குட்டியீனும் காலமாகிய பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பூங்காவை மூடிவிடுவது வழக்கம். "இவ்வளவு தொலைவு வந்தோமே" என்று காவலரிடம் வாதாடாதீர்கள். பேறுகாலத்து வீட்டுக்குள் நுழைய எந்த விருந்தினரும் அடம்பிடிப்பதில்லை. நீலக்குறிஞ்சிக்காகச் செல்வோர் பொறுத்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அது இங்கே 2018 இல் பூத்தது; அடுத்தது 2030.

பரம்பிக்குளம்

இது கேரளத்தின் புலிகள் காப்பகம். ஆயினும் வழி தமிழ்நாட்டில். பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்ல வேண்டும். ஆதலால் இரு மாநிலச் சோதனைச் சாவடிகளையும் கடக்க வேண்டும்; அடையாளச் சீட்டு கையில் இருக்கட்டும். வனத்துறை வண்டியில், வழிகாட்டியுடன் காட்டைச் சுற்றலாம். கன்னிமாரா தேக்கின் அடியில் நின்று, ஏறத்தாழ 7 மீட்டர் சுற்றளவுள்ள அந்த மரத்தை அண்ணாந்து பார்க்கும்போது நம் வயது நமக்கு நினைவு வரும். அணைநீர் வற்றும் கரைகளில் புள்ளிமான் கூட்டமும், காட்டெருமை என்று நாம் வழங்கும் காட்டுமாடும் மாலையில் இறங்கி வரும். அது எருமையினம் அன்று. பசுவின் நெருங்கிய உறவு. முழங்காலுக்குக் கீழே வெண்காலுறை அணிந்தாற்போன்ற நிறமே அதன் அடையாளம்.

சில நெறிகள்

1. விடியலும் மாலையும் விலங்குகள் உலாவும் நேரம். நடுப்பகலில் சென்றுவிட்டுக் காட்டில் ஒன்றுமில்லை என்று பழி கூறாதீர்கள்.

2. பச்சை, பழுப்பு, சாம்பல் நிற உடைகள் ஏற்றவை. நறுமணத் தைலங்கள் வேண்டா. நம் கண்ணுக்கு முன்பே அவற்றின் மூக்கு வேலை செய்துவிடும். காற்று நம் பக்கத்திலிருந்து விலங்கை நோக்கி வீசினால் பார்வை கிட்டாது.

3. கண்ணுக்கு முன் காதைத் திறந்து வையுங்கள். மந்திகள் மரத்தில் திடீரெனக் கூச்சலிட்டாலும், கடமான் உரத்துக் கத்தினாலும் புலியோ சிறுத்தையோ அருகில் நடக்கிறது என்று பொருள் இருக்கலாம்.

4. யானை காதை ஆட்டிக்கொண்டு மேயும்வரை அமைதியாய் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்தி, காதை விரித்து, தலையை உயர்த்தி நேரே நோக்கினால், "போய்விடு" என்பதே அதன் மொழி. வண்டியிலிருந்து இறங்காதீர்கள்; ஒலிப்பானைத் தொடாதீர்கள். சாலையில் நின்றால் தொலைவிலேயே நிறுத்தி, பின்னுக்கு எடுக்க இடம் வைத்துக் காத்திருங்கள். குட்டியுடன் இருக்கும் கூட்டத்தையும் தனி ஆணையும் இருமடங்கு அஞ்சுக.

5. மழைக்காலத்தில் அட்டைகள் காலைப் பற்றும். பிய்த்தெறியாமல் சிறிது உப்பிட்டால் தானே விழும்.

6. கொண்டு சென்ற தாளையும் ஞெகிழிப் பையையும் திரும்பக் கொண்டு வாருங்கள். உப்பும் எண்ணெயும் மணக்கும் பையை விலங்குகள் உணவோடு சேர்த்து விழுங்கிவிடும்.

7. நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை. புறப்படும் முன் வனத்துறையைக் கேட்டு, முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

நண்பர்களே, ஒரு புலியையும் காணாது திரும்ப நேரிடலாம். அதற்காக வருந்தற்க. நாம் வந்து சென்றதைக் காடு அறியாதிருந்தால் அதுவே நல்ல பயணம். சென்ற கோடையில் மீண்டும் அதே சாலையில் சென்றேன். யானைக்கூட்டம் ஒன்று எதிர்ப்பட்டது. விளக்கைத் தாழ்த்தி அரைமணி நேரம் அசையாது காத்திருந்தோம். குட்டியை நடுவில் விட்டு, அவை நிதானமாகச் சாலையைக் கடந்து சென்றன. படம் ஒன்றுகூட எடுக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை, தோளில் கூடையுடன் அத்தை அந்த வழியே நடந்தார்.