டயருக்கு அடியில் சோலார்

பிரான்சின் நார்மண்டி என்றால் ஆப்பிள் தோட்டம், கறவை மாடு, மழை. வெயிலுக்குப் பேர்போன சீமை அல்ல. ஆனாலும் உலகின் முதல் சோலார் சாலை என்று கொட்டி முழக்கப்பட்ட சாலையை அங்கேதான், துரூவ்ர் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் போட்டார்கள். 2016 டிசம்பர் 22 அன்று, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் செகோலீன் ரொயால் நேரில் வந்து திறந்துவைத்தார். நீளம் ஒரு கிலோமீட்டர். பேனல்களின் பரப்பு 2,800 சதுர மீட்டர். செலவு 50 லட்சம் யூரோ. ஐயாயிரம் பேர் வாழும் ஓர் ஊரின் தெருவிளக்குகளை இந்த மின்சாரம் எரிய வைக்கும் என்றார்கள். ஐந்தே ஆண்டுகளில் 1,000 கிலோமீட்டர் சாலையை இப்படி மாற்றப் போவதாக அமைச்சர் அதற்கு முன்பே அறிவித்தும் இருந்தார்.

அந்த ஆயிரம் கிலோமீட்டர் வரவேயில்லை.

யோசனை என்னவோ கேட்டவுடன் பிடித்துப்போகிற யோசனைதான். சோலார் பண்ணைக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். விவசாயியிடம் கேட்டால் சண்டை. சாலையோ ஏற்கெனவே அரசாங்கத்தின் சொத்து. வானம் பார்த்துச் சும்மா கிடக்கிறது. அதன்மேல் பேனலை ஒட்டிவிட்டால் நிலமும் மிச்சம், மின்சாரமும் ஆச்சு. இந்தக் கணக்கில் ஒரே ஒரு ஓட்டைதான்: சாலை சும்மா கிடப்பதில்லை.

துரூவ்ர் சாலையை அமைத்தது கோலாஸ் என்ற பெரிய சாலைக் கட்டுமான நிறுவனம். சாலையைப் பெயர்க்காமல், இருக்கிற தாரின் மேலேயே ஏழு மில்லிமீட்டர் தடிமனுள்ள பேனல்களை ஒட்டினார்கள். உள்ளே இருப்பது வீட்டு மாடியில் வைக்கிற அதே சிலிக்கான் செல்தான். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது, கையில் எடுத்துச் சற்று அழுத்தினால் உடைந்துவிடும். அதைப் பிசின் அடுக்குகளுக்கு நடுவே பொதிந்து, டயர் வழுக்காமலிருக்க மேலே சொரசொரப்பான பூச்சு கொடுத்திருந்தார்கள். லாரி ஏறினாலும் தாங்கும் என்று சோதித்துப் பார்த்துத்தான் போட்டார்கள்.

தாங்கவில்லை. இணைப்புகள் விட்டன, பூச்சு உரிந்தது. அந்தப் பக்கத்து டிராக்டர்கள் வேறு போக வர இருந்தன. இலையுதிர் காலத்தில் மரங்கள் கொட்டிய இலை பேனலை மூடியது. டயர் உரசுகிற இரைச்சல் தாங்காமல் வேகத்தை 70 கிலோமீட்டராகக் குறைக்க வேண்டியதாயிற்று. 2018 மே மாதம், சீர்செய்ய முடியாத 90 மீட்டர் நீளத்தைப் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள். கிடைத்த மின்சாரமும் எதிர்பார்த்ததில் பாதிதான். நாளுக்கு 790 யூனிட் என்பது திட்டம். அதில் பாதி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,44,000 யூனிட். யூனிட்டுக்கு 15 சென்ட் விலை என்று வைத்துக்கொண்டாலும் வருமானம் 22,000 யூரோவைத் தொடாது. போட்ட முதலை எடுக்க 230 ஆண்டு ஆகும். சாலையின் ஆயுளோ மூன்றாண்டுக்குள்ளேயே கேள்விக்குறி. சோதனை முயற்சியை லாப நட்டக் கணக்கில் அளப்பது நியாயமில்லை என்பார்கள். சரிதான். ஆனால் 1,000 கிலோமீட்டர் என்று மேடையில் சொல்லிவிட்ட பிறகு கணக்குக் கேட்கத்தானே செய்வார்கள்?

கோளாறு அந்த ஒரு நிறுவனத்தின் வேலைத்தரத்தில் மட்டும் இல்லை. பேனலுக்குத் தேவையானவையும் சாலைக்குத் தேவையானவையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. பேனலின் கண்ணாடி வழவழப்பாக, மெல்லியதாக இருந்தால்தான் வெளிச்சம் உள்ளே போகும். சாலையின் மேற்பரப்பு முரடாக இருந்தால்தான் பிரேக் பிடிக்கும், தடிமனாக இருந்தால்தான் பாரம் தாங்கும். பேனல் சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சாலை மட்டமாகக் கிடக்க வேண்டும். பாரமும் லேசுப்பட்ட விஷயமில்லை. அச்சின் மேல் ஏறும் எடை இரட்டிப்பானால் சாலைக்கு நேரும் சேதம் இரட்டிப்பாவதில்லை, சுமார் 16 மடங்காகிறது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நிஜச் சாலைகள் போட்டு, லாரிகளை ஓட்டிப் பார்த்து எடுத்த கணக்கு இது. இன்றும் சாலைப் பொறியாளர்கள் இதை விட்டு விலகவில்லை. தாரே இந்த அடிக்குக் குழி விழுகிறது.

நிழல் இன்னொரு தொல்லை. பேனலுக்குள் செல்கள் வரிசையாகத் தொடுக்கப்பட்டிருக்கும். தோட்டத்துக் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் மொத்தக் குழாயிலும் தண்ணீர் குறைகிற மாதிரி, ஒரு செல்லின் மேல் நிழல் விழுந்தால் அந்த வரிசையே படுத்துவிடும். அதைச் சமாளிக்க டையோடு வைப்பார்கள். அப்போதும் நிழல்பட்ட பகுதி கைவிட்டுப் போனதுதான். கிராமத்துச் சாலையில் இலையும் டிராக்டரும் என்றால், நகரத்துத் தெருவில் நிறுத்திவைத்த கார், சிக்னலில் நகராத பேருந்து, ஐந்து மாடிக் கட்டடம், வேப்பமரம். எந்தத் தெருவில் நடமாட்டம் அதிகமோ அந்தத் தெருவில் மின்சாரம் குறைவு. நன்றாக மின்சாரம் கிடைக்க வேண்டுமானால் வண்டியை விடக்கூடாது. பிறகு அது சாலையே அல்ல.

மற்ற இடங்களின் கதையும் இதை ஒட்டியதுதான். நெதர்லாந்தின் க்ரோமனீயில் 2014-இல் 70 மீட்டருக்குச் சைக்கிள் பாதை ஒன்றைப் போட்டார்கள். லாரி ஏறாத பாதை என்பதால் கொஞ்சம் மேல். முதல் குளிரிலேயே பூச்சு உரிந்தாலும், முதலாண்டில் சதுர மீட்டருக்கு 70 யூனிட் தந்தது. அதே நாட்டில் கூரையின் மேல் சாய்த்து வைத்திருந்தால் ஏறத்தாழ இரு மடங்கு கிடைத்திருக்கும். சீனாவின் ஜினான் நகரில் 2017 டிசம்பர் இறுதியில் ஒரு கிலோமீட்டர் நீளச் சோலார் நெடுஞ்சாலையைத் திறந்தார்கள்; புத்தாண்டு பிறந்த கையோடு யாரோ ஒரு பேனல் துண்டை அறுத்துக்கொண்டு போய்விட்டதாகச் செய்தி வந்தது. கூரைமேல் இருப்பதைத் திருட ஏணியாவது வேண்டும்.

வெயில் நமக்குத் தாராளமாயிற்றே, நம் ஊரில் எடுபடாதா என்று தோன்றும். ஒரு விஷயத்தில் உண்மையிலேயே நமக்குச் சாதகம் உண்டு. சென்னை பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரிதான் என்பதால், பேனலை மட்டமாகப் போட்டாலும் இழப்பு சொற்பம். நார்மண்டியைப் போல் பெரிதாக அடிவாங்காது. ஆனால் வெயில் தருவதைச் சூடு பறித்துக்கொள்ளும். பேனலின் திறனை 25 டிகிரி வெப்பத்தில் அளந்து எழுதுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். மொட்டை மாடியில் பேனலுக்கு அடியில் காற்றோட்டம் இருக்கிறது. தாரில் ஒட்டினால் அதுவும் இல்லை. சித்திரை வெயிலில் செல் 65 டிகிரிக்குப் போனால் ஆறில் ஒரு பங்கு மின்சாரம் அங்கேயே போச்சு. அதோடு குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்கேபிள், இணையக் கேபிள் என்று ஆளுக்கொரு பக்கம் தோண்டுகிற தெருவில் பேனலைப் பதித்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வெறும் நிலத்தில் போடுகிற சோலார் மின்சாரம் 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் யூனிட் 1 ரூபாய் 99 காசுக்கு இறங்கியது. எந்தத் தெருப் பேனலும் இந்த விலையின் பக்கத்தில்கூட வர முடியாது.

எனக்குப் படுவது இதுதான்: சாலையின் இடம் வீண்போகிறது என்ற ஆதங்கத்தில் தப்பில்லை, சக்கரத்துக்கு அடியில் வைக்க நினைத்ததுதான் தப்பு. தலைக்குமேல் வைத்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். தென்கொரியாவில் டேஜான் நகரையும் சேஜோங் நகரையும் இணைக்கிற நெடுஞ்சாலையின் நடுவே சைக்கிள் பாதை போகிறது. அதற்குக் கூரையே சோலார் பேனல்தான். குஜராத்தில் மேசானா மாவட்டத்துச் சந்திரசன் கிராமத்தில், நர்மதைக் கிளைக் கால்வாயின்மேல் 750 மீட்டருக்குப் பேனல் பரப்பி 2012-லேயே ஒரு மெகாவாட் எடுத்தார்கள். நிலம் மிச்சம், கால்வாய்த் தண்ணீர் ஆவியாவதும் குறைவு.

கோலாஸ் நிறுவனமும் பிற்பாடு நெடுஞ்சாலைக் கனவை விட்டுவிட்டு, கண்காணிப்புக் கேமரா, பேருந்து நிறுத்த விளக்கு, மின்சைக்கிளுக்குச் சார்ஜ் என்று சின்னச் சின்ன வேலைகளுக்கு அந்தப் பேனலைத் திருப்பியது. பிரெஞ்சு அரசாங்கமோ 2023-இல் வேறொரு சட்டம் கொண்டுவந்தது. 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திறந்தவெளிக் கார் நிறுத்துமிடங்கள், சில விலக்குகள் போக, குறைந்தது பாதிப் பரப்புக்குச் சோலார் கூரை போட்டாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். கெடுவுக்குள் போடாத உரிமையாளருக்கு அபராதம் என்றும் சொன்னது.