தறிச் சத்தம் போனது சரி, பேச்சும் ஏன் போச்சு?

சோமனூரில் தறிக்கூடத்தை ஒட்டிய அறை. கம்ப்யூட்டரில் ஜூம் கால். "சைசிங் முடிஞ்சு பாவு வந்துருச்சுங்க" என்கிறீர்கள். எதிர்முனையில் விழுவதோ "...ங் முடி... பா...". தறிச் சத்தம் மட்டும் துளியும் இல்லை. நெட்டைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

ஜூம் போன்ற செயலிகளுக்குள் இரைச்சலைக் களையும் மென்பொருள் இருக்கிறது. உங்கள் குரலைக் கண்ணிமைக்கும் நேரத்தைவிடச் சிறிய துண்டுகளாக நறுக்கி, எது பேச்சு, எது இரைச்சல் என்று ஊகிக்கிறது. வெறும் ஊகம்தான், கவனியுங்கள்.

மின்விசிறி ஒரே சீராக இரையும், கழிப்பது சுலபம். விசைத்தறி அப்படியா? நாடா இருபுறமும் அடிபட்டு, 'டடக் டடக்' என்று வெட்டி வெட்டி ஒலிக்கும். பேச்சும் அப்படித்தான் வரும். 'ஸ', 'ஷ' ஒலிகளோ கிட்டத்தட்ட வெறும் காற்றிரைச்சல்.

முறத்தில் அரிசி புடைத்தால் உமியோடு கொஞ்சம் குருணையும் போகும். அதையே இன்னொருவர் வாங்கி மறுபடி ஓங்கிப் புடைத்தால்? அரிசியும் சிதறும்.

பல லேப்டாப்புகளில் இப்படி இன்னொரு முறம் நமக்குத் தெரியாமலே இருக்கிறது: கூடவே வரும் ஆடியோ மென்பொருள். அது முதலில் களைந்து, சிதைந்த குரலைத் தரும். செயலி அதையும் இரைச்சல் என்று நினைத்து மேலும் வெட்டும்.

இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் மைக்கைத் தேர்ந்து, 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' இருந்தால் அணைத்துப் பாருங்கள். வாயருகே மைக் வைத்த ஹெட்செட் இன்னும் நல்லது. தறியைவிடக் குரல் ஓங்கி உள்ளே போனால், மென்பொருள் ஊகிக்க வேண்டியதே குறைந்துவிடும்.