பன்னிரண்டாம் போர்ட் ஏன் மூடிக்கொண்டது?

உட்காரு தம்பி, டீ வந்துவிட்டது. நேற்று ராத்திரி உன் சர்வர் மாட்டியிருக்கும் சுவிட்சின் 12-ஆம் போர்ட் தானாக மூடிக்கொண்டது ஏன் என்று கேட்டாய். அடியிலிருந்தே சொல்கிறேன்.

ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் டிடிஎல் ஒன்று குறையும். பூஜ்யமானால் கதை முடிந்தது. ஈதர்நெட் பிரேமுக்கு அந்த எண்ணே கிடையாது. ஏஆர்பி மாதிரி ஒரு பிராட்காஸ்ட் வந்தால், வந்த போர்ட்டை விட்டுவிட்டு அந்த விலேனில் உள்ள மற்ற எல்லாப் போர்ட்டிலும் சுவிட்ச் அதை அனுப்பும். எங்கோ ஒரு வளையம் இருந்தால் அதே பிரேம் திரும்பி வரும், மறுபடி எல்லாப் பக்கமும் போகும். பத்து ஜிகாபிட் போர்ட்டில் சின்ன பிரேம்கள் நொடிக்கு ஒரு கோடியே 48 லட்சம் வரை ஓடலாம். ரேக்குக்கு முன்னால் போய் நின்றால் தெரியும்: தனித்தனியாகச் சிமிட்டும் விளக்குகள் எல்லாம் ஒன்றுபோல, விடாமல் துடிக்கும். லாகில் ஒரே மேக் முகவரி இந்தப் போர்ட்டுக்கும் அந்தப் போர்ட்டுக்கும் தாவிக்கொண்டே இருக்கும்.

இதைத் தடுக்கத்தான் 1985-இல் டிஇசி நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீயை (எஸ்டிபி) உருவாக்கினார். சுவிட்சுகள் இரண்டு நொடிக்கு ஒரு பிபிடியு அனுப்பிப் பேசிக்கொள்ளும், மிச்சமுள்ள பாதையை அடைத்து வைக்கும். பழைய முறையில் ஒரு போர்ட் திறக்க 30 நொடி. நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆகும் சர்வர் அவ்வளவு நேரம் பொறுக்காது. அதனால் போர்ட்ஃபாஸ்ட் போடுகிறோம்: இந்தக் கேபிளின் மறுமுனையில் சர்வர்தான், சுவிட்ச் இல்லை, உடனே திற என்று. அது நாம் கொடுக்கும் வாக்கு. வாக்கு பொய்த்து அந்தப் போர்ட்டில் பிபிடியு வந்தால், பிடித்துப் போர்ட்டை மூடுவது பிபிடியு கார்டு.

உன் சர்வருக்கு இரண்டு கேபிள், ஒன்று 11-ஆம் போர்ட்டில், மற்றது 12-இல். இரண்டையும் பாண்டில் கட்டியிருக்க வேண்டும். நீ பிரிட்ஜில் போட்டுவிட்டாய். லினக்ஸ் பிரிட்ஜில் எஸ்டிபி வழக்கமாக அணைந்தே இருக்கும். அப்போது அது பிபிடியுவை விழுங்காமல் அடுத்த கேபிளில் தள்ளிவிடும். லூப் யார் கண்ணிலாவது பட வேண்டும் என்றே அப்படி எழுதியிருக்கிறார்கள், அருமையான யோசனை. சுவிட்ச் 11-இல் விட்ட பிபிடியு 12-இல் அதன் கைக்கே வந்து சேர்ந்தது. கார்டு 12-ஐ மூடியது, வளையம் அறுந்தது, 11 பிழைத்தது.

இந்த இடத்தில் சிலர், தொல்லை தீரட்டும் என்று பிபிடியு ஃபில்டரைப் போடுவார்கள். தயவுசெய்து போடாதே. போர்ட் பிபிடியுவை அனுப்பவும் செய்யாது, வந்தால் பார்க்கவும் செய்யாது. முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் அப்படித்தான் செய்திருந்தார்கள். வளையம் எங்கே என்று தேடி விடிய விடிய கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம்.

கார்டுக்கும் தெரியாமல் போவது ஒன்று உண்டு. பிபிடியுவை வாங்கித் தொலைத்துவிடும் மலிவான குட்டி சுவிட்சை யாராவது செருகி, ஒரே கேபிளின் இரு முனையையும் அதிலேயே மாட்டிவிட்டால் கார்டுக்குச் சேதியே வராது. அதற்காக ஸ்டார்ம் கன்ட்ரோலும் எல்லா அக்சஸ் போர்ட்டிலும் இருக்கட்டும். பிராட்காஸ்ட் ஓர் அளவைத் தாண்டினால் அது வெட்டிவிடும்.

டீயைக் குடி. முதலில் பிரிட்ஜைக் கலைத்துப் பாண்டு போடு, சுவிட்ச் பக்கம் போர்ட் சேனலை நான் போடுகிறேன். அதற்கப்புறம் 12-க்கு ஷட், நோ ஷட் கொடுக்கலாம்.