அனோட்டேஷனின் வயிற்றில் ஒரு மேப்

"அனோட்டேஷனை நிரல் ஓடும்போதே உருவாக்க வழி உண்டா? 'நியூ' போட்டால் கம்பைலர் திட்டுகிறது" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். உண்டு. 2015-இல் வந்த ஸ்பிரிங் 4.2-இல் அதற்கென்றே 'சிந்தசைஸ்அனோட்டேஷன்' என்றொரு மெத்தட் இருக்கிறது. பண்புகளின் பெயரும் மதிப்பும் அடங்கிய மேப்பையும், எந்த வகை அனோட்டேஷன் என்பதையும் கொடுத்தால் போதும். விட்டுப்போன பண்புக்கு டிஃபால்ட் இருந்தால் எடுத்துக்கொள்ளும்; இல்லாவிட்டால் அங்கேயே எக்ஸெப்ஷன்தான். மேப்புக்குள் மேப் இருந்தால் அது உள் அனோட்டேஷன் ஆகிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜேடிகே-யும் 2004-இல் ஜாவா 5 வந்ததிலிருந்து இதையேதான் செய்கிறது. கிளாஸின் தலையில் நாம் @ போட்டு எழுதியதை ரிஃப்ளெக்ஷனில் கேட்டால் வருவது ஒரு ப்ராக்ஸி. அதன் பின்னால் ஒரு ஹேண்ட்லர், ஹேண்ட்லரின் கையில் ஒரு மேப். எங்கள் ஊர் சார்பதிவாளர் அலுவலக எழுத்தரைப் போல, எதைக் கேட்டாலும் பேரேட்டைப் பார்த்துத்தான் பதில்.

அப்படியானால் எழுதிய அனோட்டேஷனும் மேப்பிலிருந்து பிறந்ததும் சமமா? சமம்தான். வகையும் எல்லா மதிப்புகளும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவே. யார் செய்தது என்ற கேள்வியே இல்லை. ஹேஷ்கோடுக்கும் சூத்திரம் உண்டு: பண்புப் பெயரின் ஹேஷ்கோடை 127-ஆல் பெருக்கி, மதிப்பின் ஹேஷ்கோடோடு எக்ஸ்ஆர் செய்து, எல்லாப் பண்புகளுக்கும் கூட்ட வேண்டும். மற்ற இடங்களில் == போட்டால் ஒன்றாகிவிடும் 0.0-வும் -0.0-வும் இங்கே வேறு வேறு!

இதையெல்லாம் படிக்காமல் அனோட்டேஷன் இன்டர்ஃபேஸைக் கையாலேயே இம்ப்ளிமென்ட் செய்பவர்கள் நிறைய. கம்பைலர் தடுப்பதில்லை. ஈக்வல்ஸ் எழுத மறந்துவிட்டு, அந்த அனோட்டேஷனையே சாவியாக்கி ஒரு மேப்பில் வைத்த பொருள் ஏன் கிடைக்கவில்லை என்று இரவெல்லாம் தேடுவார்கள். கூகுளின் ஜூஸ் நூலகத்திலும் 'நேம்டு' அனோட்டேஷன் கையால் எழுதப்பட்டதுதான். ஆனால் அந்த 127 அங்கே தவறாமல் இருக்கிறது. சூத்திரம் எழுதப்பட்டிருக்கும் அந்த இன்டர்ஃபேஸின் கமென்ட்டைப் படிக்கும் பொறுமைதான் வித்தியாசம்.

ஹேண்ட்லரின் கையில் இருக்கும் அந்த மேப்புக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 2015-இல் பெரிதாகப் பேசப்பட்ட டீசீரியலைசேஷன் தாக்குதல்களில் ஜேடிகே-யின் இதே ஹேண்ட்லர் ஒரு கண்ணியாக இருந்தது. வெளியிலிருந்து வரும் பைட்டுகளில் ஹேண்ட்லரையும் விஷமமான ஒரு மேப்பையும் சேர்த்து அனுப்பினால், பிரித்து அடுக்கும்போது ஹேண்ட்லர் அந்த மேப்பைத் தொடும். தொட்டவுடன் தாக்குபவரின் கட்டளை ஓடும். பிறகு வந்த ஜாவா 8 திருத்தத்தில் ஹேண்ட்லர், வந்த மேப்பை விட்டுவிட்டு மதிப்புகளைத் தன் சொந்த மேப்பில் நகலெடுத்துக்கொள்ளத் தொடங்கியது.