வீட்டுக்கொரு கணினி – 17: விழுந்தவனா, தள்ளியவனா?

ஈஜோக் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு லோரி ஓட்டுநர், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புஞ்சாக் ஆலாமில் என் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தினார். பின்னால் மகள். மழைக்குப் பயந்து மடிக்கணினியை அரிசிப் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

"அண்ணே, மக படிக்கிற கம்ப்யூட்டரு. திடீர் திடீர்னு நீலமாயி நின்னுபோவுது. கடையில ரெண்டு தடவ ஃபார்மெட் பண்ணிட்டாங்க. இப்ப மதர்போர்டு போச்சு, அறுநூறு வெள்ளி ஆகும்னு சொல்றாங்க."

அறுநூறு வெள்ளிக்கு அதே மாதிரிப் பழைய கணினி இன்னொன்றே கிடைக்கும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பள்ளிப் பாடமெல்லாம் இல்லிருப்புக் கற்றலாக மாறியபோது, தோட்டப்புறத்துக் குடும்பங்கள் கடன் வாங்கியாவது வாங்கிப் போட்ட பழைய மடிக்கணினிகளில் இதுவும் ஒன்று. அன்று அக்காவும் தம்பியும் முறைவைத்துப் படித்தார்கள். இன்று அது அக்காவின் டிப்ளோமாவுக்கு.

"எப்பம்மா நிக்குது?" என்று கேட்டேன்.

"கிளாஸ் நடக்கும்போதுதான் அங்கிள். அசைன்மென்ட் டைப் பண்றப்ப ஒண்ணும் ஆவாது."

இந்தப் பதிலைக் கேட்டதும் நோய் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். டைப் செய்ய இணையம் வேண்டாம், வகுப்புக்கு வேண்டும். ஆக, வைஃபை. பாதி சரியாகத்தான் கணித்திருந்தேன். மீதிப் பாதியில் எப்படிச் சறுக்கினேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

கணினிக்குள் இருக்கும் பெரும்பாலான பாகங்களுக்கு 'டிரைவர்' என்று ஒரு மென்பொருள் உண்டு. பெயரில்தான் அது ஓட்டுநர், பார்ப்பதென்னவோ மொழிபெயர்ப்பு வேலை. வைஃபை அட்டை பேசுவது விண்டோஸுக்குப் புரியாது, விண்டோஸ் சொல்வது அட்டைக்குப் புரியாது. நடுவில் நின்று இரண்டுக்கும் சொல்லிக் கொடுப்பது டிரைவர். வேர்ட், குரோம் போன்றவை வெளிப் பிராகாரத்தில் நிற்கும் பக்தர்கள் மாதிரி. ஒருவர் மயங்கி விழுந்தால் ஓரமாகத் தூக்கிப் படுக்கவைத்துவிட்டுப் பூசை தொடரும். வைஃபை டிரைவருக்கோ கருவறைக்குள் இடம். அங்கே குருக்களே விழுந்தால் நடையைச் சாத்துவதைத் தவிர வழியில்லை. நீலத்திரை என்பது அப்படி நடை சாத்துவதுதான். நினைவகத்தில் எது சரி, எது கெட்டது என்று தெரியாத நிலையில் தொடர்ந்து எழுதினால் உங்கள் கோப்புகள் நாசமாகும் என்பதால் விண்டோஸ் தெரிந்தேதான் நின்றுகொள்கிறது. (விண்டோஸ் 11-இல் 2025 முதல் அந்தத் திரை கறுப்பு. நமக்கு என்னவோ நீலம்தான் வாயில் வருகிறது.)

கருவறைக்குள் ஒருவர் தடுக்கினால் என்ன ஆகும் என்று 2024 ஜூலை 19-இல் உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுடைய டிரைவர், தவறான ஒரு சின்னக் கோப்பைப் படித்துத் தடுக்கியது. மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்குப்படி விழுந்தவை 85 லட்சம் கணினிகள். நம் ஊர் ஏர்ஏசியாவின் பயணப் பதிவும் அன்று தடுமாறியது.

சரி, தோட்டத்துக் கணினிக்கு வருவோம். நீலத்திரை வரும்போதெல்லாம் விண்டோஸ் ஒரு சின்னக் கோப்பை எழுதி, சி டிரைவில் விண்டோஸ் உறைக்குள் இருக்கும் 'மினிடம்ப்' என்ற உறையில் போட்டுவைக்கும். அதை 'புளூஸ்கிரீன்வியூ' போன்ற ஓர் இலவசச் செயலியில் திறந்தால், விழும்போது கருவறையில் யார் நின்றார் என்பது தெரியும். கோப்பின் பெயர் 'நெட்டபிள்யூடிடபிள்யூ' என்று தொடங்கினால் இன்டெல் வைஃபை, 'ஆர்டிடபிள்யூ' என்று தொடங்கினால் பெரும்பாலும் ரியல்டெக். ஃபார்மெட் செய்தால் முதலில் அழிவது இந்தச் சாட்சிதான். கடைக்காரர் அதை இரண்டு தடவை அழித்திருந்தார். மதர்போர்டு என்று அவர் சொன்னதற்கு ஆதாரமாக, விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்ற வரியைக் காட்டினாராம். '41' சொல்வதெல்லாம் 'என்னை முறையாக நிறுத்தாமல் அணைத்துவிட்டார்கள்' என்பது மட்டுமே. கரன்ட் போனாலும் அதே எண்தான் வரும்.

நல்லவேளையாக, இரண்டாவது ஃபார்மெட்டுக்குப் பிறகும் நான்கு முறை விழுந்திருந்தது. நான்கு மினிடம்ப், நான்கிலும் வைஃபை டிரைவரின் பெயர். டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவரை அதன் கோப்புகளோடு நீக்கினேன். கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கே உரியதை எடுத்துப் போட்டேன். மின்சாரத்தை மிச்சப்படுத்த அட்டையை விண்டோஸ் தூங்கவைக்கலாம் என்ற அனுமதியையும் எடுத்துவிட்டேன். தூங்கி எழும் நேரத்தில் வைஃபை டிரைவர்கள் தடுக்கி விழுவதுண்டு. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியையும் அணைத்தேன். அது இருக்கும்வரை 'ஷட்டவுன்' கொடுத்தாலும் கருவறை முழுதாகக் காலியாவதில்லை. இரவு தடுமாறிய டிரைவர் காலையில் அதே தடுமாற்றத்தோடு எழுந்துவரலாம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இரண்டு நாள் என் மேசையில் ஓடியது. ஒரு தடவைகூட நீலமில்லை. பெருமையாகத் திருப்பிக் கொடுத்தேன். புதன்கிழமை போன் வந்தது. "அண்ணே, மறுபடியும் அதே கதைதான்."

இந்த முறை நானே தோட்டத்துக்குப் போனேன். புஞ்சாக் ஆலாம் தாமான்களில் கண்ணாடியிழை இணையம் வாசல்வரை வருகிறது. சாலை செம்பனைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் கைப்பேசியில் ஒரு கோடுதான் மிஞ்சுகிறது. அவர்கள் வீட்டில் கைப்பேசிதான் ஹாட்ஸ்பாட். கூடத்தில் சிக்னல் கிடையாது. கைப்பேசியைப் பின்கட்டு ஜன்னலில் சாத்திவைத்துவிட்டு, வகுப்பில் குரல் விட்டுவிட்டு வந்தால் மடிக்கணினியை மகள் அதன் பக்கத்தில் கொண்டுபோவாள். எப்படிக் கொண்டுபோகிறாள் என்று பார்த்தேன். திறந்தபடியே, வலது மூலையை ஒரு கையால் பிடித்துத் தூக்கினாள். மூன்றாவது அடியில் திரை நீலமானது.

வகுப்பில் மட்டும் விழுந்ததற்குக் காரணம் இணையம் அல்ல, நடை. டைப் செய்யும்போது அது மேசையை விட்டு நகர்வதில்லை. என் மேசையிலும் நகரவில்லை.

டிவைஸ் மேனேஜரில் வைஃபையை முடக்கினேன். கைப்பேசியை யூஎஸ்பி வயரில் மாட்டி அதன் வழியே இணையம் கொடுத்து, கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தேன். அவள் அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார். கணினி விழவில்லை. வயரில் மாட்டிச் செய்யும் இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, திருகுளியும் வேண்டாம். நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது இதுதான்.

பின்மூடியைக் கழற்றினேன். வைஃபை அட்டை கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். ஒரு முனை மதர்போர்டின் செருகியில் சாய்வாக நுழையும், மறு முனையை ஒரு குட்டித் திருகு அழுத்திப் பிடிக்கும். இதில் திருகு இல்லை. அட்டை சாய்ந்து நின்றது, இரண்டு ஆன்டெனா வயர்கள்தான் அதைப் பிடித்திருந்தன. கணினியின் உடம்பு லேசாக முறுகினால் அட்டையின் தங்கமுலாம் பூசிய கால்களில் ஏதோ ஒன்று தொடர்பை விடும். பேசிக்கொண்டிருந்த அட்டை பாதிப் பேச்சில் காணாமல் போகும். பதிலுக்குக் காத்திருந்த டிரைவர் விழுவார். மினிடம்ப் பொய் சொல்லவில்லை. விழுந்தவரின் பெயரைத்தான் எழுதியது. தள்ளியது யார் என்று அதற்குத் தெரியாது.

திருகு எங்கே போனது? அடுத்த செருகியிலேயே இருந்தது. ஒரு வருடத்துக்கு முன் கடையில் எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதை இறுக்கத் திருகு கிடைக்காமல் வைஃபை அட்டையினுடையதைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

அட்டையின் கால்களைப் பென்சில் அழிப்பானால் துடைத்து, ஒரு செத்த கணினியின் திருகைக் கொண்டுவந்து போட்டேன். மூன்று வாரமாக நீலம் இல்லை. அட்டையே போயிருந்தாலும் புதியதற்கு நூறு வெள்ளிக்குமேல் ஆகியிருக்காது. வாங்குபவர்களுக்கு ஒரு சொல்: இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். 201 அதற்கென்று அமைந்த இன்டெல் கணினிகளில் மட்டும்தான் வேலை செய்யும். ஏஎம்டி கணினியில் போட்டால் உயிரே வராது.

டிரைவர் தொந்தரவுக்குப் பயந்து விண்டோஸ் அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். 2024 ஜூனில் விண்டோஸின் சொந்த வைஃபை டிரைவரிலேயே ஓர் ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அடைத்தது. வைஃபை எட்டும் தூரத்தில் இருப்பவர் எவரும் கணினிக்குள் நுழைய வழிவிட்ட ஓட்டை அது.

கணினி நின்று நின்று போய், கடைக்கு எடுத்துப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் மினிடம்ப் உறையை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது, "கழற்றின திருகெல்லாம் அதது இடத்துல போட்டீங்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.