பந்தை அடைகாத்தவர்களும் 24 நொடிக் கணக்கும்

1950 நவம்பர் 22 அன்று இரவு, மினியாபொலிஸ் நகரில் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்க்க 7,021 பேர் வந்திருந்தார்கள். சொந்த ஊர் அணியான லேக்கர்ஸ்தான் என்.பி.ஏ. லீகின் அப்போதைய சாம்பியன். அதன் தூண் ஜார்ஜ் மைக்கன். 6 அடி 10 அங்குல உயரம், கூடைக்கு அடியில் அவரை மறிக்க லீகில் ஆள் கிடையாது. எதிரே வந்த ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி அவரை மறிக்க முயலவே இல்லை. பந்தையே கொடுக்காமல் இருந்துவிடுவது என்று முடிவு செய்து வந்திருந்தது. பிஸ்டன்ஸ் வீரர் ஒருவர் பந்தை இடுப்போடு அணைத்தபடி நிற்பார். யாராவது நெருங்கினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவார். அவரும் அதேபோல நிற்பார். கூட்டம் கத்தித் தீர்த்தது. 48 நிமிட ஆட்டம் முடிந்தபோது ஃபோர்ட் வெய்ன் 19, லேக்கர்ஸ் 18. இரண்டு அணிகளும் சேர்ந்து போட்ட கூடைகள் மொத்தமே 8. லேக்கர்ஸின் 18 புள்ளிகளில் 15 மைக்கன் ஒருவரே எடுத்தது. கடைசிக் கால்பகுதியில் இரு தரப்பும் சேர்ந்து 4 புள்ளிகள்தான் எடுத்தன. பிஸ்டன்ஸ் செய்ததில் விதிமீறல் எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பந்தை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அன்றைய விதி.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1954-55 பருவத்தில், இதற்கு முற்றுப்புள்ளி விழுந்தது. பந்து கைக்கு வந்த 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு என்ற ஷாட் கிளாக் விதி அந்தப் பருவத்தில்தான் வந்தது. அது லீகைக் காப்பாற்றியது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எப்படிக் காப்பாற்றியது என்று கேட்டால், புள்ளிகள் கூடின, ஆட்டம் விறுவிறுப்பானது, கூட்டம் திரும்பியது என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த விடை போதாது என்பது என் கருத்து. பின்தங்கி நிற்கும் அணிக்கும் பந்து உண்டு என்ற உரிமையை அந்தப் பருவம் நிலைநாட்டியது. அதன் உண்மையான சாதனை அதுதான். புள்ளிகள் பெருகியது அதன் பின்விளைவு.

காரணத்தைப் பார்க்க வேண்டுமானால் பழைய ஆட்டத்தின் கூட்டல் கழித்தலுக்குள் இறங்க வேண்டும். கடைசிக் கால்பகுதியில் ஓர் அணி 6 புள்ளி முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பந்தை அடைகாக்கத் தொடங்கிவிடும். கைதேர்ந்த ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டே வட்டமடித்தால் போதும், நிமிடங்கள் கரையும். பின்தங்கிய அணிக்குப் பந்து வேண்டும். பறிக்க முடியாவிட்டால் மிஞ்சுவது ஒரே வழி: ஆளைப் பிடித்து இழுத்து ஃபவுல் செய்வது. சாதாரண ஃபவுலுக்குத் தண்டனை ஒரு ஃப்ரீ த்ரோ. அது விழுந்தால் ஒரு புள்ளி. அதன்பின் பந்து நம் கைக்கு வரும், கூடை போட்டால் இரண்டு புள்ளி. ஒன்றைக் கொடுத்து இரண்டை வாங்கும் வியாபாரம் இது. முன்னால் இருக்கும் அணிக்கும் இந்தக் கணக்கு தெரியும் என்பதால் அதுவும் பதிலுக்கு ஃபவுல் செய்யும். ஆட்டம் நின்று நின்று, ஃப்ரீ த்ரோ கோட்டில் வரிசை கட்டி நிற்பதாக முடியும். 1953 மார்ச் 21 அன்று பாஸ்டன் செல்டிக்ஸும் சிரக்யூஸ் நேஷனல்ஸும் மோதிய பிளே-ஆஃப் ஆட்டம் நான்கு ஓவர்டைம் வரை இழுத்தது. அதில் விசிலடிக்கப்பட்ட ஃபவுல்கள் 106. செல்டிக்ஸின் பாப் கூஸி எடுத்த 50 புள்ளிகள் இன்றும் பேசப்படுகின்றன. அவற்றில் 30, யாரும் தடுக்காத ஃப்ரீ த்ரோக் கோட்டிலிருந்து வந்தவை. பந்தைத் தட்டுவதில் அன்று நிகரில்லாத ஒரு கலைஞரை, ஓரிடத்தில் நின்று எறிய வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த விதிமுறை.

ஆக நோய் இரண்டு: அடைகாப்பது, அதை உடைக்க அடிப்பது. இரண்டுக்கும் வேர் ஒன்று. பந்து எப்போது கைமாறும் என்பதற்கு ஆட்டத்தில் ஒரு கெடு இல்லை. கபடியில் பாடிப் போகிறவருக்கு மூச்சே கெடு. அது அறுந்தால் அவர் முறை போயிற்று. கூடைப்பந்துக்கு அப்படி ஒரு மூச்சு வைக்கப்படவில்லை.

அந்த மூச்சைக் கொடுத்தவர் டேனி பியஸோன். இத்தாலியில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். சிரக்யூஸில் பவுலிங் கூடம் நடத்தியவர். நேஷனல்ஸ் அணியின் உரிமையாளர். அவரும் அணியின் பொது மேலாளர் லியோ ஃபெரிஸும் போட்ட கணக்கு, எந்த உணவக மேசையிலும் பென்சிலால் போட்டுவிடக்கூடியது. பார்க்க நன்றாக இருந்த ஆட்டங்களில் ஓர் அணி சுமார் 60 முறை எறிந்திருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்து 120. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 நொடி. 120-ஆல் வகுத்தால் 24. இந்தக் கணக்கில் நான் பார்க்கும் அழகு, அந்த எண் ஆட்டத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்படவில்லை என்பதுதான். நல்ல ஆட்டம் தானாக எந்த வேகத்தில் ஓடியதோ, அதே வேகத்தை எல்லா ஆட்டத்துக்கும் கெடுவாக வைத்தார்கள். 1954 ஆகஸ்ட் 10 அன்று சிரக்யூஸில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் லீக் உரிமையாளர்கள் முன்னிலையில் ஒத்திகை நடந்தது. வீரர்கள் முதலில் நேரம் போய்விடுமோ என்று பதறிப் பதறி எறிந்தார்கள். அவசரப்படாதீர்கள், நிறைய நேரம் இருக்கிறது என்று பியஸோன் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நல்ல தாக்குதலைக் கட்டி எழுப்ப 24 நொடி தாராளம். வீணடிக்கத்தான் அது போதாது.

கூடவே வந்த இன்னொரு விதியை இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஒரு கால்பகுதியில் ஓர் அணி 6 ஃபவுல்களைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்குக் கூடுதலாக ஒரு ஃப்ரீ த்ரோ. ஒன்றைக் கொடுத்து இரண்டை வாங்கும் வியாபாரம் இதோடு நஷ்டக் கணக்காகிவிட்டது. கடிகாரம், அடிக்க வேண்டிய தேவையை நீக்கியது. இந்த விதி, அடிப்பதில் இருந்த லாபத்தை நீக்கியது. ஒன்றில்லாமல் மற்றொன்று பாதிதான் வேலை செய்திருக்கும்.

பலன் உடனே தெரிந்தது. 1953-54இல் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்தது 79.5 புள்ளிகள், அடுத்த பருவத்தில் 93.1. பருவம் முழுவதும் சராசரி 100-ஐத் தாண்டிய முதல் அணி என்ற பெயரை செல்டிக்ஸ் பெற்றது. ஆனால் அதே பருவத்தில், 1955 பிப்ரவரி 27 அன்று, அதே செல்டிக்ஸ் மில்வாக்கி ஹாக்ஸை வென்றது 62-57 என்ற கணக்கில். ஷாட் கிளாக் வந்தபின் என்.பி.ஏ.வில் இதைவிடக் குறைந்த மொத்தப் புள்ளியில் ஓர் ஆட்டம் இன்றுவரை முடிந்ததில்லை. கடிகாரம் புள்ளிக்கு உத்தரவாதம் தரவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எறிந்தார்கள், விழவில்லை, அவ்வளவுதான். ஆனால் அன்றும் இரு தரப்புக்கும் பந்து மாறி மாறி வந்தது. அதனால்தான் 62-57 ஓர் ஆட்டமாகவே நின்றது. 19-18 ஆட்டமாக நிற்கவில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. அந்தப் பருவம் தொடங்கும் முன்பே மைக்கன் ஓய்வு பெற்றுவிட்டார், கூடைக்கு அடியில் இடம் காலியானதால் ஆட்டம் வேகமெடுத்தது என்பது ஒன்று. மைக்கன் ஒரே அணிக்கு ஆடியவர். லீக் முழுவதும் ஒரே ஆண்டில் ஏறிய 13 புள்ளிக்கு மேற்பட்ட சராசரியை அவர் ஒருவர் விலகியதன் கணக்கில் எழுத முடியாது. லீகை உயர்த்தியது 1956இல் செல்டிக்ஸுக்கு வந்த பில் ரஸ்ஸலும் அவருக்குப் பின் வந்தவர்களும்தான் என்பது இன்னொன்று. ரஸ்ஸலின் மேன்மையை யார் மறுப்பார்கள்? ஆனால் எதிரணி எறிந்து தவறவிட்ட பந்தைப் பிடித்து, அடுத்த கணமே கூஸியிடம் அனுப்பி ஓட வைப்பதுதான் அவருடைய ஆட்டம். எறியவே மறுக்கும் எதிரணியிடம் ரஸ்ஸல் எதைப் பிடிப்பார்?

கல்லூரி ஆட்டத்தை வைத்துச் சொல்லப்படும் மறுப்பு இவற்றைவிடக் கனமானது. அமெரிக்க ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்து 1985-86 வரை நாடு தழுவிய ஷாட் கிளாக் இல்லாமலே ஓடியது, கூட்டத்துக்கும் குறைவில்லை. அப்படியானால் கடிகாரம் எதற்கு? கடிகாரம் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதையும் கல்லூரி ஆட்டமே காட்டியது: 1968இல் ஒரு முக்கியமான அரையிறுதியில் வட கரோலினா ஸ்டேட் அணி டியூக்கை 12-10 என்று வென்றது. தன் கல்லூரி ஆடுகிறது என்பதற்காக வரும் மாணவரும் பழைய மாணவரும் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். சம்பளத்துக்கு ஆடும் லீகுக்கு அந்தப் பாசம் கிடையாது. அங்கே டிக்கெட் வாங்குபவர் ஆட்டத்தைத்தான் வாங்குகிறார். 1949-50இல் 17 அணிகள் இருந்த என்.பி.ஏ. 1954இல் 9-ஆகச் சுருங்கியிருந்தது. கடிகாரம் வந்த பருவத்திலேயே, 14 ஆட்டங்கள் ஆடிய நிலையில் நவம்பர் 27 அன்று பால்டிமோர் புல்லட்ஸ் இழுத்து மூடப்பட்டது. கடிகாரத்தால் எல்லோரையும் கரையேற்ற முடியவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிறு நகரங்களின் அணிகளையும் அது காக்கவில்லை. ஃபோர்ட் வெய்ன் அணி 1957இல் டெட்ராய்ட் போயிற்று. பியஸோனின் நேஷனல்ஸே 1963இல் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டது. ஆட்டத்துக்கு உயிர் வந்தபின் அது பெரிய ஊர்களைத் தேடிப் போனது.

என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த மறுப்பு வேறு. அடைகாப்பது எளியவனின் ஆயுதம். மைக்கனை உயரத்தால் வெல்ல முடியாத ஃபோர்ட் வெய்னுக்குப் பொறுமைதான் ஒரே வழி. அதையும் பிடுங்கிக்கொண்டு வலியவனுக்கு மேலும் வசதி செய்தது இந்த விதி என்பது அந்த வாதம். ஒரு நாளைக்கு அது உண்மை. ஆனால் பருவம் முழுக்க அந்த ஆயுதத்தை எடுத்தது எளியவன் அல்ல, முன்னால் இருப்பவன். யார் ஒருமுறை முந்தினாலும் அவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம். வெளியே நிற்பவனுக்குக் கதவை உடைப்பதைத் தவிர வேலையில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க அந்தப் பருவத்தின் இறுதிச் சுற்றைவிட நல்ல களம் இல்லை. மோதியவை சிரக்யூஸும் ஃபோர்ட் வெய்னும். லீகின் நிலை அப்போது எப்படி இருந்தது என்றால், ஃபோர்ட் வெய்னின் அரங்கை ஒரு பவுலிங் போட்டிக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டதால், இறுதிப் போட்டிக்கு வந்த அணி தன் சொந்த ஊர் ஆட்டங்களை இண்டியானாபொலிஸில் ஆட வேண்டியதாயிற்று. ஆறு ஆட்டங்களில் மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம் 1955 ஏப்ரல் 10 அன்று சிரக்யூஸில். இரண்டாம் கால்பகுதியில் ஃபோர்ட் வெய்ன் 17 புள்ளி முன்னால் போய்விட்டது. பழைய விதியில் அத்தோடு ஆட்டம் முடிந்திருக்கும். பந்தை அடைகாக்க அந்த அணிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் இப்போது 24 நொடிக்கு ஒருமுறை அவர்கள் எறிந்தாக வேண்டும். விழாத ஒவ்வொரு எறிதலும் சிரக்யூஸின் டால்ஃப் ஷேய்ஸுக்கோ ஏர்ல் லாயிட்டுக்கோ கிடைக்கக்கூடிய பந்து. யாரையும் பிடித்து இழுக்காமலே சிரக்யூஸுக்குப் பந்து வந்துகொண்டே இருந்தது. 17 மெல்லக் கரைந்தது. 91-91. 12 நொடி மிச்சமிருக்கையில் சிரக்யூஸின் ஜார்ஜ் கிங் ஒரு ஃப்ரீ த்ரோவைப் போட்டு 92 ஆக்கினார். அடுத்த பந்து ஃபோர்ட் வெய்னுடையது. ஆண்டி ஃபிலிப் அதை எடுத்துக்கொண்டு முன்னேறினார். கடைசி நொடிகளில் அதே ஜார்ஜ் கிங் அவர் கையிலிருந்து பந்தைப் பறித்தார்.